நாற்பத்து மூன்றாம் நாள்

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள்
எல்லாவற்றையும் கொட்டிக் காட்டியிருக்கின்றன.
சிமெண்ட், வெங்காயம்,
ஒருமுறை முழுக்க முழுக்க இடதுகால் செருப்பு.
போன ஆடியில் கொட்டியது கோழி.

ஊரே சாக்கோடு ஓடியது.
நானும் ஓடினேன். பொய் சொல்லமாட்டேன்,
குழம்புக்குத்தான்.
கைக்கு இரண்டாய் நான்கு, தலைகீழாக.
இரண்டு வழியிலேயே அடங்கிவிட்டன.
ஒன்று அன்றிரவு.

மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.
மிச்சமிருந்த ஒன்று எழுந்து நடக்கப் பார்த்தது.
மூன்று அடி. உட்கார்ந்தது.
மறுபடி இரண்டு.
மண்ணையே மிதித்திராத கால்
ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டு வைத்தது.
அரைத்த மசாலாவைக் கத்திரிக்காயில் போட்டேன்.

பெயர் ஓவர்லோடு.
சுங்கச்சாவடியில் இரவு ஷிப்டு பார்க்கிறவளுக்கு
வேறென்ன பெயர் தோன்றும்?

மறுநாள் கம்பெனி ஆள் வந்தான், நஷ்டக் கணக்கு எழுத.
"நாப்பத்திரண்டு நாள்ல ஏத்திடுவோம் மாதம்மாக்கா.
அதுக்கு மேல இது எப்படி இருக்கும்னு
எங்களுக்கே தெரியாது."
அவன் போனதும் காலண்டரில் கோடு போட்டேன்:
நாற்பத்து மூன்று.

சேதி பரவிவிட்டது.
ஏட்டு திருப்பதி ஒரு சேவலைக் கொண்டுவந்தார்,
கம்பைநல்லூர்ப் பக்கம் கட்டில் பிடிபட்டது,
ஒரு கண் இல்லை.
வழக்கு முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்.
முடிந்ததா தெரியாது. அவன் பெயர் சாட்சி.
பதினோரு சேவலைச் சாய்த்தவனாம்.
நீல பிளாஸ்டிக் குடத்தைக் கண்டால் ஓடுகிறான்.

யாரோ கிறிஸ்துமஸுக்கு வாங்கி
மனசு வராமல் விட்டுப்போன வான்கோழி, விஐபி.
வழியில் நிற்பான்.
நாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்காமல்
ஒருவரையும் விடமாட்டான்.

நாமக்கல் கூண்டிலிருந்து கழித்த இரண்டு முட்டைக்கோழிகள்.
சில்லறை, மீதி.
மூக்கு நுனி வெட்டியிருந்தது.
ராகியைக் குவித்து வைத்தால்தான் வாய்க்கு வரும்.
அத்தனை பெரிய வாசலில்
ஒரு செய்தித்தாள் அகலத்துக்குள்
ஒட்டி ஒட்டி நின்றார்கள், எட்டு நாள்.
ஒன்பதாம் நாள் மத்தியானம்
சில்லறை மண்ணில் சரிந்து
இறக்கை நிறையப் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டாள்.
யார் சொல்லிக்கொடுத்தது?
நான் செத்துப்போகிறாள் என்று நினைத்துத்
தண்ணீர் கொண்டு ஓடினேன்.

பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால்
எங்கள் வாசலில் விருந்து.
எல்லோருடைய மூக்கும் சிவப்பு,
கொலை செய்துவிட்டு வந்தவர்கள் மாதிரி.

இரவில் மற்றவர்கள் புளியமரத்தில் ஏறிவிடுவார்கள்.
ஓவர்லோடால் முடியாது.
கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.
கார்த்திகையிலிருந்து சாட்சியும் இறங்கி
அவள் பக்கத்தில் படுக்கிறான்.
அன்பு என்று சொல்லமாட்டேன்.
ஒற்றைக் கண்ணுக்கு இருட்டில்
கிளை சரியாகத் தெரியாது போல.

நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் நாள் ஒரு முட்டை போட்டாள்.
அதன்மேல் உட்காரத் தெரியாமல்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கூண்டு வண்டி.
ஃபாஸ்டாகில் பணமில்லை, இரட்டைக் கட்டணம்.
டிரைவர் நோட்டுத் தேடும் நேரம்
கம்பி வலை வழியே ஒரு கழுத்து வந்து
என் டியூப்லைட்டைப் பார்த்தது,
விடிந்துவிட்டதா என்பதுபோல.
நான் தூக்காவிட்டால்
அடுத்த கவுண்டரில் சந்திரகலா தூக்குவாள்.
ரசீது கொடுத்தேன்.
தடுப்பு எழுந்தது.

ஆறரைக்கு வீடு.
விஐபியை விசாரித்தேன்.
கைகளை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
ஓவர்லோடு என்னைப் பார்த்துக் கிளம்பினாள்,
இருநூற்றுப் பதினேழாம் நாள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
ஏழு அடி வந்தாள்.
உட்கார்ந்துவிட்டாள்.

மீதி தூரத்தை நான் நடந்தேன்.