ஏலாது

ஓல்டனில் நவம்பர் என்றால்
ஆரே ஆற்றின் மேல் பனிப்புகார் வந்து குந்தும்,
வாடகை கட்டாமல், மாசி மட்டும்.
மருத்துவர் ஏஷ்லிமானின் அறையில்
ஒரு தாள், ஒன்பது கேள்விகள்:
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்?
எனக்குப் பத்தொன்பது புள்ளி.
கணக்குப் பாடத்திலும் எனக்கு அவ்வளவுதான் வந்தது.

முதலில் மொழிபெயர்க்க வந்தவ
மச்சாளோடு சீட்டுப் பிடிக்கிறவ.
கழுத்தில் தேருக்குப் போட்ட அதே அட்டியல்.
கடைசிக் கேள்வியை மெதுவாய்க் கேட்டா:
செத்தால் நல்லம் என்று நினைச்சதுண்டோ?
சீச்சீ, என்றேன்.
அந்தப் பொய்யைக் கழித்துத்தான் பத்தொன்பது.

குளிசையை நான் விழுங்கவில்லை.
விடிய விடிய, கோப்பை கழுவும் தொட்டிக்குள்
ஒரு வெள்ளைப் பொட்டு கரைந்து போகும்.
உடம்பு வைக்கும் என்று ஆரோ சொன்னவையாம்.
அதுவல்ல உண்மை.
சுகம் வந்தால் வேலைக்குத் திரும்பவேணும்:
முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறை,
தோய்க்கும் மெசின்கள்,
போன கிழமை செத்தவரின் பெயர் தைத்த காலுறை.

பதினேழு.
பதினேழு.
பதினெட்டு.

மருத்துவர் கோபிக்கவில்லை. ஆளை மாற்றினா.
மேசையில் தொலைபேசி, அதற்குள் ஒரு பெண்;
பெயர் சொல்லக்கூடாதாம்.
இருப்பது லொசானில், குரல் கோயம்புத்தூர்ப் பக்கம்.
என்ன செய்யுது என்று கேட்க
ஏலாது, என்றேன்.
"ஏலாதுன்னா... முடியலீங்களா,
உடம்பு சரியில்லீங்களா?"
இந்த நாட்டில் இருபத்திரண்டு வருசம்,
ஒருவரும் என்னை மறித்து அப்படிக் கேட்டதில்லை.
மருத்துவர் பேனையை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா.
இரண்டும்தான், என்றேன்.
எங்களிடம் இரண்டுக்கும் ஒரே சொல்.
அதை யேர்மனில் சொல்லி முடிக்க அவவுக்கு வெகுநேரம் எடுத்தது.
பிறகுதான் தொட்டியின் கதையைச் சொன்னேன்.

தை பிறந்து மூன்று கிழமை வாய் காய்ந்தது, கை நடுங்கியது,
வேறொன்றும் நடக்கவில்லை.
காலையில் அரை மணி, தட்டு மாதிரி ஒரு விளக்கின் முன் இருக்கச் சொன்னார்கள்.
"யோசியாதையும், கும்பிடும்" என்பதை மட்டும்
ஒரு வருசமாய்ச் சொல்லிவந்த குகநேசன்
ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினார்.
எனக்கும் கொஞ்சம் படட்டும், என்றார்.
பிறகு அந்தச் சொல்லை அவர் எடுக்கவேயில்லை.

இல்லத்துக்கு மருத்துவர் கடிதம் எழுதினா.
இப்போது அரை நாள், இரண்டாம் மாடி,
யன்னலோரம் துவாய் மடிக்கிறேன்.

பதினொன்று வந்த அன்று கேட்டா: எது உதவியது?
குழம்பை இறக்கிய பிறகு
உறைப்பு எந்த மிளகாயுடையது என்றால்
நான் என்னத்தைச் சொல்ல?
அடுத்த கிழமையே பதினாலு. காரணமில்லை.
மூன்று மணிக்கு முழித்து, கூரைக்கு மேலே
கடைசிச் சரக்கு ரயில் போவதுபோல் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

இன்று திரும்பப் பத்து.
ஒன்பதாம் கேள்வியில் நிறுத்தி,
சில நாட்கள், என்றேன் உண்மையாக.
தொலைபேசிப் பெண் ஒரு மூச்சு விட்டு, சொன்னா.
மருத்துவர் இன்னும் நாலைந்து கேள்வி கேட்டா,
அவசர இலக்கம் எழுதித் தந்தா, என் கையைப் பிடித்தா.
கூட்டுத்தொகை பதினொன்று.
ஒன்று கூடிப்போச்சு.
நல்ல செய்தி எழுதுவதுபோல்
அதை எழுதினா.