முந்நூற்றுப் பதினாறு

ஜெரத்தில் கேட் அடிக்கிறவனிடம்
யாரும் உலோகத்தின் குணம் கேட்பதில்லை.
அடி என்ன விலை என்பதோடு சரி.

குலசேகரன் சட்டைப்பையில் காந்தத்தோடு வந்தார்.
கோயில் கைப்பிடிக் கம்பி, அவர் உபயம்.
இருநூற்றொன்றில் வைத்தார், ஒட்டவில்லை.
முந்நூற்று நான்கில் வைத்தார், ஒட்டவில்லை.
"ரெண்டும் ஒண்ணுதானே, மலிவா இருக்கறதப் போடு."

நிக்கலைக் குறைத்து
மாங்கனீசைத் திணித்த கதையைக்
காந்தம் மோப்பம் பிடிக்காது.
சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டேன்.
இருநூற்றொன்று சிவந்தது,
பொய் சொல்லி மாட்டிய பையனின் காதுபோல.
அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரன் ஆ ஹுவாட் மட்டும்
பதினாறைக் கேட்டு வாங்குவான், முனகிக்கொண்டே.
கடலிடம் பேரம் பேசிப் பார்த்தவன்.

மாசி முடியுமுன்பே கோயில் கம்பியில்
தே ஓ சிந்தியதுபோல் கறை.
'உபயம்: குலசேகரன் குடும்பத்தார்'
என்ற எழுத்துக்குக் கீழே கொஞ்சம் அடர்த்தியாக.

செம்பனை வரிசைகளைத் தாண்டி
ராத்திரிக் காற்று உப்போடுதான் வருகிறது.
என் வீட்டு கேட்டும் இருநூற்றொன்றுதான்,
மிச்சத் துண்டுகளில் அடித்தது.

என்னிடம் இருக்கும் முந்நூற்றுப் பதினாறு
ஒரே ஒரு தகடு.
இடது முழங்காலுக்குக் கீழே, ஆறு திருகாணிகளோடு.
எஸ்டேட் லோரி இடித்த வருஷம்
கிள்ளான் ஆஸ்பத்திரியில் வைத்தது.
தகட்டின் தரத்தை விசாரித்தவன்
அந்த வார்டிலேயே நான் ஒருவன்தான்.
டாக்டரம்மா சிரித்தார்:
"உள்ளேயும் உப்புத்தண்ணிதானே."

மழைக்கு முன்னால் அது குத்தும்.
தூக்கம் போய்விடும்.
எழுந்துபோய்க் கேட்டைத் துடைக்கிறேன்.