நாற்பத்தி மூணாம் பாகம்

சுளகிலிருந்து கண்ணை எடுத்தால் கூலி குறையும்.
அதனால் சீனத்து அரண்மனை எனக்குக்
காதுக்குள்தான் இருக்கிறது.

செம்பில் சாய்த்து வைத்த போனில்
பட்டு உரசுகிறது,
யாரோ கிண்ணத்தைக் கீழே வைக்கிறார்கள்.
"மகாராணியாரே, கஷாயம் ஆறிவிடும்."
நான் இலையைச் சுருட்டி,
தூளை ஒதுக்கி,
சிவப்பு நூலை ரெண்டு சுற்றுச் சுற்றி அறுக்கிறேன்.
கஷாயத்தில் விஷம் என்பது
முக்கூடல் முழுக்கத் தெரியும்.
குடிக்கப்போகிறவளுக்குத் தெரியாது.

முதல் பாகத்திலேயே
ஒரு சலவைக்காரியைத் தளபதி மகள் என்று நினைத்துப்
பல்லக்கில் ஏற்றிவிட்டார்கள்.
அழுக்குத் துணியில் கிடந்த பாதி வளையல்,
பச்சைக்கல், அவள் மடியில் இருந்ததாம்.
நான் அவளில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.
விளம்பரம் வந்துவிட்டது.

வாயெடுக்கிற நேரம் தப்பினால் அவ்வளவுதான்.
மதினி முப்பிடாதி மஞ்சக்காமாலையில் போன பதினாறாம் நாள்
அவள் பாஸ்புத்தகத்தோடு பீடிக்கடைக்குப் போனேன்,
கணக்கை முடிக்க.
குனிந்த தலை நிமிராமல் கேட்டார் கணக்கர்:
"முப்பிடாதி, எத்தன ஆயிரத்துக்கு எலை?"
புது ஆளுக்குப் புத்தகம் இல்லை என்று
அவர் தலைக்கு மேல் பலகை தொங்கியது.
"ஒண்ணு" என்றேன்.
பதினோரு வருஷமாக
அந்த ஒண்ணுக்குள் குடியிருக்கிறேன்.

முப்பிடாதிக்குச் சேமநிதி ஏறுகிறது.
முப்பிடாதிக்குத் தீபாவளி போனஸ்.
ஒருதரம் முகாமில் அவளுக்குக் கண்ணாடிகூட எழுதினார்கள்,
போட்டால் எனக்கு நன்றாகத் தெரிகிறது.
வண்டிமலைச்சி என்று கூப்பிட
வீட்டில் மூணு பேர், அதில் ஒருத்தருக்குக் காது மந்தம்.

செக்கர் தனுஷ்கோடிக்கு விஷயம் தெரியும்.
மற்றவர்களுக்கு நூற்றுக்கு நாலு கழிப்பவன்
எனக்கு ஒன்பது கழிப்பான்.
கழித்துவிட்டுக் கனைப்பான்.
"மதினி முப்பிடாதி, சேலை புதுசா?" என்பாள்
வரிசையில் பின்னால் நிற்கும் ஆவுடைத்தங்கம்.
மதினி என்பதை ரெண்டு தரம் சொல்லுவாள்.

இருபதாம் பாகம் வாக்கில் சலவைக்காரி தேறிவிட்டாள்.
பகலில் விம்முகிறாள், "நான் ஏதுமறியேன்" என்கிறாள்.
விளக்கணைந்ததும் அதே தொண்டையில்
விஷத்துக்கு விலை பேசுகிறாள்.
அப்படித்தான் பிழைக்கணும்ட்டி
என்று இலையைப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் தனுஷ்கோடி கனைத்தான்.
நானும் மெதுவாக, அவளைப் போலவே, கேட்டேன்:
"அண்ணாச்சி, துபாய்ல இருக்க ஒங்க கொழுந்தியா பேர்லயும்
ஒரு புஸ்தகம் ஓடுதாமே?"
கழிவு நாலாகிவிட்டது.
ஆவுடைத்தங்கம் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டாள்.

போன செவ்வாய் ரேகை எந்திரம் வந்தது.
அடிவயிறு குளிர்ந்துபோய் விரலை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன், சிவப்பு.
ரேகையை எல்லாம் இலை தின்றிருந்தது.
எனக்கு முன்னால் பதினாலு பேருக்கும் சிவப்புதான்.
முப்பிடாதி இல்லை என்று அதுக்குச் சொல்ல முடியவில்லை,
வண்டிமலைச்சி என்றும் தெரியவில்லை.
"பொறவு பாப்போம்" என்று பையன் மூட்டை கட்டினான்.

நேற்று மழை. இலை லாரி வரவில்லை.
கையில் வேலையில்லாமல்
முதல்தடவையாகப் போனை நிமிர்ந்து பார்த்தேன்.
சலவைக்காரி தூணோரம் நிற்கிறாள்,
ஒல்லி, மூக்கில் மச்சம்.
எதிரே சின்ன ராணி,
நெற்றி நிறையத் தங்கம்,
விஷப்பொடியை நகத்தால் கிண்டிக்கொண்டு.
இருவர் வாயும் மாறி மாறி அசைகிறது.
குரல் ஒன்று.

ரெண்டு பேரா!

அப்போ இவள் ஒண்ணுமே செய்யவில்லை.
நாற்பத்திரண்டு பாகமாக வெறுமனே அழுதிருக்கிறாள்.
யாரைப் பார்த்து நான் தனுஷ்கோடியிடம் பேசினேன்?

கண்ணை மூடிக்கொண்டேன்.
மறுபடி ஒருத்தியானாள்.
எந்த ஊரில் எந்த அறையில் இருந்து
இந்த ரெண்டு பேருக்கும் பேசுகிறாளோ,
அவளுக்குக் கூலி
யார் பேரில் போடுகிறார்கள்?