பதிமூன்றாவது வளைவு

அடிவாரத்தில் மணி ஐந்தே முக்கால்.
மாதேஷ் தன் மணிக்கட்டைத் தட்டுகிறான்,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல.
வாட்ச் விழிக்கிறது: நாடித்துடிப்பு, ஏற்றம், ஆக்சிஜன்,
நேற்றுத் தூங்கியது போதாது என்று ஒரு கண்டிப்பு.
மூன்று தவணை கட்டியாயிற்று. ஒன்பது பாக்கி.

"என் சைக்கிளுக்கு இருபத்திரண்டு கியர்."
"மலைக்கு இருபது வளைவுதானேடா,
மிச்சம் ரெண்டை எனக்குக் குடு" என்கிறான் பெலிக்ஸ்.
அவனுடையதில் கியரே கிடையாது.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பில் போடுகிறவன் என்றால்
அவன் தொடைகளைப் பார்த்தவர்கள் நம்புவதில்லை.

தஸ்தகீர் மிதிக்க மாட்டான்.
எக்ஸெல்லில் பின்னாலேயே வருவான்,
ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு.
தட்டை ஓர் அடுக்கு. துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் ஒன்று.
வெங்காயம் தனி, சிவப்புச் சட்னி தனி, பச்சை தனி.
"செட்டு போட்டு ரெண்டு நிமிஷம் தாண்டுச்சுன்னா
அது தட்டுவடை செட்டு இல்ல,
நனைஞ்ச கால்மிதி."

என் முதுகில் கேமரா.
லென்ஸ் பழசு, பெங்களூரில் ஒருவர் தள்ளிவிட்டது.
அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
உள்ளே ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை.
"படம் எடுக்கறியா வசு, ஊறுகாய் போடறியா?"

ஒன்பது, பத்து.
மூங்கில்களுக்கு மேல்பாதி இல்லை.
கீழே சேலத்தைக் காணோம்.
இரும்பாலை, ஜங்ஷன், தஸ்தகீரின் கடன்காரர்கள்
எல்லாம் ஒரே வெள்ளை.
பேச எங்களுக்கு மூச்சில்லை,
எக்ஸெல் மட்டும் பேசிக்கொண்டே வருகிறது.

பதிமூன்றில் வாட்ச் அணைந்தது.

மாதேஷ் ஒரு காலை ஊன்றி நின்றான்.
கறுப்புக் கண்ணாடியில் அவன் மூக்கு தெரிந்தது.
"இனிமே ஏறுறது கணக்குல வராதுடா."
"யாரு கணக்குல?"
அதற்கு அவனிடம் பதில் இல்லை.
"மலை கணக்கு வச்சிருக்கும், மகனே"
என்றான் பெலிக்ஸ், பாதிரியார் குரலில்.
சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு.
தஸ்தகீர் வயிற்றைத் தட்டினான்:
"போன வாரம் தின்ன எசன்ஸ் தோசை
எந்த வாட்ச்சுலயும் ஏறல.
இங்க ஏறியிருக்குது, பாத்துக்கோ."

வழக்கு முடியாததால் கேரியரைத் திறந்தோம்.
கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது.
தட்டையைத் தொடவில்லை.
பச்சைச் சட்னியை முகர்ந்து பார்த்தது,
மூடியை வைத்துவிட்டுப் போனது.
தஸ்தகீர் அடுத்த அரை மணி நேரம்
யாரிடமும் பேசவில்லை.
புதினா கொஞ்சம் முற்றல்தான்,
நாங்கள் நண்பர்கள் என்பதால் சொல்லவில்லை.

மீதி ஏழு வளைவை ஏறியதற்கு
என்னிடம் இருக்கும் ஆதாரம் ஒரே படம்:
பனிக்குள் இரண்டு முதுகுகள்,
மூன்றாவதாக ஒரு சைலன்சர் புகை.
எது பூஞ்சை, எது பனி என்று
விற்றவரே வந்தாலும் பிரிக்க முடியாது.

ஏரிக்கரைக் கடையில் மிளகாய் பஜ்ஜி.
எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சார்ஜர்.
ஐந்தாவது நிமிடம் வாட்ச் கண்ணைத் திறந்து,
'வெகு நேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள்,
சற்று எழுந்து நில்லுங்கள்' என்றது.
மாதேஷ் எழுந்து நின்றான்,
கையில் கடித்த பஜ்ஜியோடு.
ஓனர்கூடச் சிரித்தார்.

இறக்கத்தில் அவன் வாட்ச்சைக் கட்டவில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும்
எண்ணைக் கத்திக்கொண்டே போனான்.
எதிரே ஏறிய பஸ்ஸின் ஜன்னல்கள் திரும்பிப் பார்த்தன.
ஒரு வளைவில் நின்று எடுத்தேன்:
ஹெல்மெட், அதற்குள் ஆவென்று ஒரு வாய்.

படத்தை அனுப்பியதிலிருந்து சண்டை.
பெலிக்ஸ் அது ஏழு என்கிறான்.
ஏழுக்கு வாய் அவ்வளவு திறக்காது,
பதினாலாக இருக்கும் என்கிறான் மாதேஷ்.
தஸ்தகீர் இன்று காலை எழுதியிருக்கிறான்:
"அது நம்பர் இல்ல.
சட்னி நல்லாருந்துச்சுன்னு கத்துறான்."