நாலாவது மடிப்பு

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்.
முதல் மடிப்புக்கும் இரண்டாவதுக்கும்
ஆளுக்கொரு முனையில் தள்ளி நிற்க வேண்டும்.
மூன்றாவதுக்கு எதிரெதிரே நடந்து வர வேண்டும்,
கையோடு கை தொடும், அவ்வளவுதான்.
நாலாவதை ஒருத்தியே மடித்துக்கொள்ளலாம்.

வேலூர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என் மறுமுனை ஷமீம்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்,
என்னைவிட வேகம்.

ராணிப்பேட்டையில் பதினாலு வருஷம்
ஷூவுக்கு மேல்தோல் தைத்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
அதற்கு முந்தின மாசமே
ஜெயசீலன் போய்விட்டிருந்தார்.
செத்துப்போகவில்லை. ஓசூருக்குப் போனார்.
செத்திருந்தால் சபையார் வந்து பாடியிருப்பார்கள்,
ஒரு வேளைக்குத் தக்காளி சாதமாவது வந்திருக்கும்.
ஓசூருக்குப் போனவரின் மனைவிக்கு
என்ன பாடுவது என்று
யாருக்கும் தெரியவில்லை.

விருதம்பட்டில் ஒற்றை அறை.
ஜன்னலைத் திறந்தால் பாலாறு.
ஆறு என்று பேர்;
மணலும் சீமைக்கருவேலமும்.
எனக்கும் மனைவி என்றுதான் பேர்
என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

புதுக் கோயிலில் சந்தா அட்டை கேட்டேன்.
'குடும்பத் தலைவர் பேர்?'
வாய் திறந்தால் பழைய பேர்தான் வந்தது.
செயலாளர் எழுதத் தொடங்கினார்,
தலை நிமிர்ந்து என்னையும் கெசியாவையும் பார்த்தார்,
ஜெ-வை அடித்துவிட்டு
'உங்க பேரு சொல்லுங்கம்மா' என்றார்.
எப்சிபா.
பள்ளிக்கூடத்தில் பெப்சி என்று கூப்பிட்ட பேர்.
அடித்த எழுத்து அட்டையில் இன்னும் தெரிகிறது.
மாசம் ஐம்பது ரூபாய்.

ஜெபம் மட்டும் வரவில்லை.
முழங்காலில் நின்றால்
வாடகைத் தேதிதான் கண்ணுக்குள் நிற்கும்.
ஆண்டவரே என்று தொடங்கி
அடுத்த சொல் தெரியாமல்
அப்படியே தூங்கியிருக்கிறேன்.

வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும்.
கொல்கத்தாவிலிருந்து வந்து படுத்தவர்கள்,
குவாஹாத்தியிலிருந்து,
பக்கத்துக் கணியம்பாடியிலிருந்து.
எழுந்து நடந்தார்களா
தூக்கிக்கொண்டு போனார்களா
என்று விரிப்பு சொல்லாது.
ஒரு தடவை உள்ளே குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் இருந்தது.
ஷமீம் அதை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தாள்.
யாரும் கேட்டு வரவில்லை.

ஈஸ்டர் அன்று நாலரை மணி ஆராதனை.
ஆறு மணிக்கு ஷிப்ட் என்பதால்
கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார்ந்தேன்.
நாற்பது வருஷமாகக் கேட்ட அதே பகுதிதான்,
இந்த முறை காதுக்கு முன்னால்
என் கைகள் கேட்டன.
கல் புரண்டாயிற்று,
வெளியே தோட்டத்தில் ஒருத்தி அழப்போகிறாள்,
அவ்வளவு அவசரத்திலும் அவர் நின்று
தலையில் சுற்றியிருந்த சீலையை
தனியே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
எங்கள் சூப்பர்வைசர் பார்த்தால் மெச்சியிருப்பார்.

சுருட்டி என்றுதான் எழுதியிருக்கிறது.
நான் மடித்து என்று வாசித்துக்கொள்கிறேன்.
அந்த இருட்டில் மறுமுனையைப் பிடிக்க
யார் இருந்திருப்பார்கள்?
நாலு மடிப்பையும்
அவரே மடித்திருப்பார்.

ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கும்போது
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
பாலத்தின் மேல் பஸ் போகையில்
கீழே மணலில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.
கன்னத்தில் ஈரம். நடத்துனர்
டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார்.
ஆண்டவரே என்றேன்.
அடுத்த சொல் அப்போதும் வரவில்லை.
அது இல்லாமலே போதுமாக இருந்தது.

ஷமீமுக்கு நோன்பு.
அவளும் நாலு மணிக்கே எழுந்தவள்.
ஒன்றும் பேசாமல் இருபது விரிப்பு மடித்தோம்.
ஒன்றில் பழுப்புக் கறை, எத்தனை வெளுத்தும் போகாதது.
அதையும் மடிக்கத்தான் வேண்டும்.
தள்ளி நின்றோம், உதறினோம்,
நடந்து வந்தோம்,
அவள் விரல்கள் என் விரல்களில் துணியை விட்டன.

நாலாவதை நெஞ்சில் வைத்து மடித்தேன்.
உடனே கீழே வைக்க மனசில்லை.
உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்தது,
இன்னும் சூடாக இருந்தது.