பங்குக் கிணறு

உறுதியில் இருக்கிறது:
"கிழக்கு எல்லைக் கிணற்றில் அரைப் பங்கும்
வழிவாய்க்கால் உரிமையும்."
எந்த அரை என்று நொத்தாரிசு எழுதவில்லை.
மேற்குப் பக்கத் தண்ணீர் எனக்கு,
கிழக்குப் பக்கத் தண்ணீர் மகேசமூர்த்திக்கு என்று
வாளியால் கோடு கீற முடியுமா?

உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடத்தில்
ஆய்வுகூட உதவியாளர் நான்.
பதினொரு வருசமாய்ப் பரிசோதனைக் குழாய் கழுவுகிறேன்.
பாடம் தானாய் வந்து காதில் விழும்.

சுகந்தமலர் ரீச்சர் கரும்பலகையில்
ஒட்சிசனுக்குப் புள்ளி போட்டா,
ஐதரசனுக்குப் புள்ளடி.
ஒரு புள்ளி, ஒரு புள்ளடி, நடுவில் ஒரு சோடி.
"ஒருவரும் கொடுக்கவில்லை, ஒருவரும் எடுக்கவில்லை.
இரண்டு பேரும் வைத்திருக்கினம்.
இதுதான் பங்கீட்டு வலுப் பிணைப்பு."
உப்பு அப்படி இல்லையாம்.
சோடியம் தன் இலத்திரனைத் தூக்கிக் கொடுத்துவிடும்,
குளோரீன் வாங்கிக்கொள்ளும்,
பிறகு ஏற்றமும் ஏற்றமும் இழுத்தபடி நிற்கும்.
ஆனையிறவில் வெள்ளையாய்க் குவிந்து கிடப்பது
முடிந்துபோன ஒரு கொடுக்கல் வாங்கல்.

பிறகு செய்முறை.
உப்புக் கரைசலில் இரண்டு காபன் கோல்,
ஒரு பற்றறி, ஒரு சிவப்பு எல்ஈடி. பளிச்சென்று எரிந்தது.
அடுத்தது சீனிக் கரைசல்.
"எரியாது, பாருங்கோ" என்றா ரீச்சர்.
எரிந்தது.
மங்கலாய், வெட்கப்பட்டு, ஆனால் எரிந்தது.
பின்வாங்கிலிருந்து பெடியள் கை தட்டினார்கள்.

பிழை சீனியில் இல்லை.
காலையில் போத்தலில் தண்ணீர் நிரப்பியவள் நான்,
எங்கள் பங்குக் கிணற்றிலிருந்து.
சுண்ணாம்புக்கல் கரைந்த தண்ணீர்,
கேத்தலின் அடியில் பொருக்காய்ப் படிகிற தண்ணீர்.
சைக்கிளை எடுத்துக்கொண்டு
மருதனார்மடத்துப் பற்றறிக் கடைக்குப் போனேன்.
வடித்த நீர், ஒரு லீற்றர்.
அதில் சீனியைக் கரைத்தோம்.
எல்ஈடி இருண்டு கிடந்தது.
எரியாமல் கிடப்பதைப் பார்த்து
அப்படி ஒரு சந்தோசம் எனக்கு.

அன்றிரவு குசினியில் எதைத் தொட்டாலும் பங்கு.
காஸ் சிலிண்டரில் காபனும் ஐதரசனும்,
விளக்குக்கு வைத்த மண்ணெண்ணெயிலும் அதுகள்தான்,
கடைக்காரன் கட்டித் தந்த பொலித்தீன் பையில்
கை கோத்து, கை கோத்து, முடிவில்லாத காபன்.
மகளின் பென்சில் முனை.
காயத்துக்குத் தடவுகிற ஸ்பிரிட்.
சாமித்தட்டில் கற்பூரம்:
தன் மூலக்கூறுக்குள் இறுக்கம்,
பக்கத்து மூலக்கூறோடு அவ்வளவு ஒட்டில்லை.
அதுதான் மூடி திறந்து வைத்தால்
பத்த வைக்காமலே காணாமல் போகிறது.
இந்த ஒழுங்கையில் வீடுகளும் அப்படித்தான்.

ரீச்சர் கடைசியில் ஒன்று சொன்னா,
மணி அடித்துப் பாதிப்பேர் எழும்பிவிட்டினம்:
தண்ணீரில் பங்கு சமன் இல்லை.
ஒட்சிசன் அந்தச் சோடியைத்
தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்திருக்கும்.
அந்தச் சரிவால்தான் துளி துளியோடு ஒட்டும்,
உப்பையும் சீனியையும் கரைக்கும்.

மகேசமூர்த்தியிடம் இரண்டு குதிரைவலு மோட்டர்.
என்னிடம் அரை.
வைகாசியில் அவர் புகையிலைக்கு இறைத்து முடிய
என் குழாய் காற்றைக் குடிக்கும்.
இரண்டு தரம் சண்டை, ஒரு தரம் கிராமசேவகர்.
போன கிழமை அவரே வேலியால் எட்டிப் பார்த்து,
"இனிக் கரைச்சல் இல்லைப் பிள்ளை,
நான் தனியாய்க் குழாய்க்கிணறு அடிக்கிறன்" என்றார்.

பிணைப்பை உடைக்கச் சக்தி வேண்டும்.
லொறியில் வந்தது அது.
மூன்று நாள் வீடு முழுக்க அதிர்ந்தது,
அலமாரியில் சீனிப் போத்தல் நகர்ந்து நகர்ந்து
விளிம்புக்கு வந்தது.
வெள்ளைச் சேறு வேலி தாண்டி என் கத்தரிப் பாத்தியில்.

நாலாம் நாள் அவருக்குத் தண்ணீர் வந்தது.
எட்டிப் பார்த்தேன்,
எங்கள் கிணற்றில் ஒரு படி இறங்கியிருந்தது.
கீழே ஒரே கல், ஒரே ஊற்று.
அவருடைய புதுக் கேத்தலிலும்
பொருக்குப் படியும்.