வெற்று எடை

வாளையாறுக்கு இந்தப்பக்கம், சாவடியில்
இரவுப்பணி எனக்கு.
லாரி மேடையேறும். கண்ணாடிக்குப் பின்னால்
சிவப்பு எண்கள் தடுமாறி, நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
இருமல் வந்தால்
எண்கள் நிற்கும்வரை அடக்கிக்கொள்வேன்.

என்றைக்கோ வந்த காசநோய், போகும்போது
நெஞ்சின் அடியில் சில குழாய்களைத்
தொளதொளவென்று விட்டுப்போயிருந்தது.
அங்கே சளி குடியிருக்கிறது,
வாடகை தராமல், காலியும் செய்யாமல்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒருநாள்
காற்றுச்சட்டை மாட்டிவிட்டார்கள்.
இரண்டு தடித்த குழாய், ஒரு மோட்டார்,
கால்மணி நேரம்.
கஞ்சிக்கோடு ரோட்டில்
காலி டிப்பரின் பின்னால் உட்கார்ந்த மாதிரி
பல் கிடுகிடுத்தது, தாலி குதித்தது,
கம்மல் திருகு கழன்று விழுந்தது.
விலை கேட்டேன்.
பிசியோதெரபி ஷம்லா விலையைச் சொல்லாமல்
மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல்,
வெள்ளைக்காரன் புகைக்கிற பைப் மாதிரி வளைந்து.
தலைக்குள் ஓர் எஃகுக்குண்டு.
ஊதினால் குண்டு துள்ளும்.
அந்தத் துள்ளல் மூச்சுவழியே உள்ளிறங்கி
ஒட்டியதை உலுக்கும்.
கன்னம் உப்பக்கூடாது.
பத்து முறை ஊதியபின்
கண்ணாடியில் ஆவி படிய வைக்கிறாற்போல்
ஹா, ஹா.
"இனி சுமய்க்கு சேச்சி, நல்லோணம் சுமய்க்கு."

சுமக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
இன்னும் எத்தனை நாளைக்கு என்று
கேட்டும்விட்டேன்.
அவளுக்குப் புரியவில்லை.
வாயருகே கைவைத்து இருமிக் காட்டினாள்.
ஓ, உங்கள் ஊரில்
இருமலுக்கா அந்தப் பேர்.
ஒரு செக்போஸ்ட் தாண்டியதும்
சொல் தன் சரக்கை இறக்கிவிட்டு
வேறு சரக்கு ஏற்றிக்கொள்கிறது.

ஆனி மாதம். கணவாய்க்காற்று
தகரத்தைப் பிய்க்கிற ராத்திரி.
குழலைப் பிரித்துக் கழுவும்போது
குண்டு சோப்புக்கையிலிருந்து நழுவி
படியிறங்கி, சிமெண்ட் தரை கடந்து,
எடைமேடையின் இடுக்கில் விழுந்தது.
மேலே பெல்லாரி வெங்காயம், இருபத்தாறு டன்.

டிரைவர் எருமப்பட்டிக்காரர், செங்கோடன்.
"பேரிங் குண்டுதானுங்களே,
எங்கிட்ட ஒரு டப்பா கெடக்குது."
ஒன்றைப் போட்டு ஊதினேன். அசையவே இல்லை.
சின்னதாக இன்னொன்று. கூம்பில் இறங்கிச் சிக்கியது.
அவர் பேசாமல் வண்டியை நகர்த்தினார்,
இரும்பு மூடியை நெம்பினார்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குழிக்குள் இறங்கினார்.
எலிப்புழுக்கை, கிரீஸ்,
வருஷக்கணக்காய் லாரிகள் உதிர்த்த
நெல்லும் மக்காச்சோளமும் சிமெண்டும்.
நடுவில் ஒன்றும் நடக்காததுபோல் அது.
லுங்கியில் துடைத்துக் கொடுத்தார்.
அவர் பார்க்காதபோது வெந்நீரில் மறுபடி கழுவினேன்.

ஊதினேன். டிர்ர்ர்ர்.
விலா அதிர்ந்தது. ஹா, ஹா.
பிறகு வந்தது, பச்சையாய், கெட்டியாய்,
நாலைந்து தவணையில்.
கப்பின் கோட்டைப் பார்த்தேன்: முப்பது மில்லி.
செங்கோடன் பீடியை எடுத்தார்,
பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார்.

என்னவோ தோன்றியது,
கப்போடு மேடையில் ஏறி நின்றேன்.
பத்துப்பத்துக் கிலோவாகத்தான்
எங்கள் மிஷின் எண்ணும். நாற்பது.
போய்க் கப்பைக் கழுவிவிட்டு வந்து ஏறினேன்.
நாற்பது.
"இதுக்குத் தெரியலீங்க," என்றார்
கேபின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி.
ஷம்லா கேட்கிற நோட்டில் எழுதினேன்:
இரவு, முப்பது.

வெங்காயம் கியர் மாற்றி எல்லைக்குப் போனது,
ஏற்றத்தில் புகை கக்கிக்கொண்டு.
அடுத்த வண்டி வந்தது.
எண்கள் தடுமாறின.
நிற்கும்வரை, பழக்கத்தில்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.
இருமல் வரவில்லை.
நாலு மணிக்குமேல் வரும்.